பிக்சல் பின்னணியில் புல், இலை, பாறை பிரஷ்கள் சொதப்பும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இங்கே சொல்வதெல்லாம் வீடியோ விளையாட்டுகளுக்கான பிக்சல் ஆர்ட் பின்னணிக்கு, 320×180 பிக்சல் கேன்வாஸை மனதில் வைத்து எழுதியது. ஆறு மடங்கு பெருக்கினால் 1920×1080 கச்சிதமாக வரும் என்பதால் இன்று பலரும் எடுக்கும் அளவு இது. மென்பொருள் பெரும்பாலும் பிக்சல் படம் வரைவதற்கான ஏஸ்பிரைட். கிரிட்டாவும் கிம்ப்பும் வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

பின்னணி கெட்டுப்போனதும் பலர் செய்வது வேறொரு பிரஷ் தொகுப்பைத் தேடி இறக்குவது. பெரும்பாலும் பிரஷ்ஷின் உருவத்தில் குற்றமே இருக்காது. ஓரம் எப்படி விழுகிறது, முத்திரைக்கும் (பிரஷ் ஒருமுறை பதிக்கும் உருவம்) முத்திரைக்கும் இடைவெளி எவ்வளவு, கட்டத்தோடு ஒட்டுகிறதா, எந்த இடத்தில் வைக்கிறோம் என்ற நான்கில் ஒன்று தவறியிருக்கும். உங்கள் படத்தில் தெரியும் அறிகுறி எதுவோ, அங்கே நேராகப் போங்கள்.

ஓரமெல்லாம் மங்கலாக, புகை படிந்ததுபோல் இருக்கிறது

800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சை இலைக்கும் நீல வானத்துக்கும் நடுவே நீங்கள் பேலட்டில் (நிறப் பட்டியலில்) வைக்காத ஒரு சாம்பல் பச்சை தெரிந்தால், பிரஷ் ஓரத்தை வழவழப்பாக்குகிறது. அரைகுறை ஒளிபுகும் பிக்சல்கள் அவை.

கிம்ப்பில் இது பெரும்பாலும் கருவித் தேர்வில் வரும் பிழை. பெயின்ட்பிரஷ் கருவியில் ஹார்ட்னஸை 100-க்கு ஏற்றினாலும் ஓரத்தில் கசிவு இருக்கும். பென்சில் கருவிக்கு மாறுங்கள், குறுக்குவிசை என் (N). அதே பிரஷ் அங்கே கூர்மையாக விழும்.

கிரிட்டாவில் பிரஷ் எடிட்டரைத் திறந்து, தானியங்கி முனையாக இருந்தால் ஓரத்தை வழவழப்பாக்கும் ஆன்டி-அலையஸிங் குறியை எடுத்துவிடுங்கள். படத்திலிருந்து செய்த முனையாக இருந்தால் ஷார்ப்னஸ் என்ற விருப்பத்தை இயக்குங்கள். அது முனையின் மீது ஒரு வாசல்மதிப்பை வைத்து, பாதியும் கால்வாசியுமாக இருக்கும் பிக்சல்களை முழுதாக்கும் அல்லது நீக்கும். அதோடு முனையை அதன் சொந்த அளவிலேயே பயன்படுத்துங்கள். 12 பிக்சல் முனையை 9-க்குச் சுருக்கினால் ஷார்ப்னஸ் இருந்தாலும் இலையின் வடிவம் சிதையும்.

ஏஸ்பிரைட்டில் பிரஷ் தானாக மங்காது. அங்கே மங்கல் வந்தால் இரண்டு காரணங்கள்தான்: ஒபாசிட்டி (ஒளிபுகாத்தன்மை) 255-க்குக் கீழே இருக்கிறது, அல்லது வேறு மென்பொருளில் வழவழப்பாகச் சேமித்த படத்திலிருந்து பிரஷ்ஷை வெட்டியிருக்கிறீர்கள். இரண்டாவது என்றால் அந்த முத்திரையைக் கையால் சுத்தம் செய்யுங்கள். 8×8 முத்திரைக்கு இரண்டு நிமிட வேலை.

எண்ணி வைத்தது 12 நிறம், படத்தில் இருப்பது 90

மேலே சொன்னதன் உடன்பிறப்பு. ஓரம் கூர்மையாக இருந்தும் நிறம் பெருகினால், அழுத்தத்துக்கேற்ப ஒபாசிட்டி மாறும் அமைப்பு பேனாவில் இயங்குகிறது. கிரிட்டாவில் ஒபாசிட்டி, ஃப்ளோ இரண்டிலும் அழுத்தத்தை நீக்குங்கள்.

நிலையான தீர்வு, படத்தை இன்டெக்ஸ்டு முறைக்கு மாற்றுவது. ஏஸ்பிரைட்டில் ஸ்பிரைட் → கலர் மோட் → இன்டெக்ஸ்டு. மாற்றும்போது டித்தரிங் (இரு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்துக் கலவைபோல் காட்டுவது) வேண்டாம் என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வரையாத புள்ளிகளை அது சேர்த்துவிடும். அதன்பின் பேலட்டில் இல்லாத நிறம் படத்துக்குள் நுழைய வழியே இல்லை. இன்டெக்ஸ்டு முறையில் 0-வது இடம் ஒளிபுகும் நிறத்துக்கு உரியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் அடர் நிழல் நிறம் அங்கே உட்கார்ந்திருந்தால் பாறையில் ஓட்டை விழும்.

பிரஷ்ஷை இழுத்தால் இலைக்கொத்து கூழாகிறது

ஒரு சொடுக்குக்கு அழகான கொத்து. இழுத்தாலோ தடித்த பச்சைப் பட்டை. ஏஸ்பிரைட்டின் தனிப்பயன் பிரஷ் ஒவ்வொரு பிக்சல் நகர்வுக்கும் ஒரு முத்திரை குத்துகிறது. 9 பிக்சல் அகலக் கொத்தை 20 பிக்சல் இழுத்தால் இருபது கொத்துகள் ஒன்றின் மேல் ஒன்று. உள்ளே இருந்த இடைவெளிகளெல்லாம் நிரம்பிப்போகும்.

தீர்வு மூன்று. இழுக்காமல் ஒவ்வொன்றாகச் சொடுக்குவது முதலாவது. 320×180-இல் ஒரு மரத்துக்கு 40 முதல் 60 சொடுக்குகளுக்கு மேல் தேவைப்படாது, அதனால் இதையே நாங்கள் விரும்புவோம். இரண்டாவது, ஸ்ப்ரே கருவி, ஷிஃப்ட்+பி (B). மேல்பட்டையில் அகலமும் வேகமும் இருக்கும். வேகத்தை மிகக் குறைத்து, அகலத்தை முத்திரையின் மூன்று நான்கு மடங்காக வையுங்கள். தரையில் உதிர்ந்த சருகு, கூழாங்கல் இதற்குப் பொருந்தும். மரத்தின் விளிம்புக்குப் பொருந்தாது, எங்கே விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

மூன்றாவது வழி கிம்ப், கிரிட்டா பயனர்களுக்கு: ஸ்பேஸிங். முத்திரையின் அகலத்தை 100 சதவீதமாகக் கொண்டு 100 முதல் 150 வரை வையுங்கள். 70-க்குக் கீழே போனால் மீண்டும் கூழ்தான்.

ஒரே கொத்து திரும்பத் திரும்ப வருவது கண்ணில் அடிக்கிறது

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

மனிதக் கண் முத்திரையின் உள்ளே இருப்பதைவிட அதன் வெளிவிளிம்பையும் மிகப் பிரகாசமான பிக்சலையும்தான் முதலில் பிடிக்கிறது. ஒரே முத்திரையை எட்டுத் திசையில் சிதறினாலும், அதில் ஒரு வெளிர் மஞ்சள் புள்ளி இருந்தால் அந்தப் புள்ளிகள் வரிசைகட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முதல் வேலை: முத்திரைக்குள் இருக்கும் மிகப் பிரகாசமான நிறத்தை எடுத்துவிடுங்கள். அதைக் கடைசியில் கையால் வைக்கலாம்.

அடுத்து, ஒரு முத்திரைக்குப் பதில் நான்கு. அளவுகள் 9×7, 7×5, 5×4, 3×2 என்று இறங்கட்டும். ஒரே உருவத்தைச் சுருக்கக் கூடாது; ஒவ்வொன்றும் தனியாக வரைந்ததாக இருக்க வேண்டும். சிறியவை இரண்டும் மிக முக்கியம். பெரிய கொத்துகளின் சந்திப்பை மறைப்பவை அவைதான். பிரஷ் செய்யும் முறை:

1. ஒளிபுகும் புதிய லேயரில் நான்கையும் தள்ளித்தள்ளி வரையுங்கள். பேக்கிரவுண்ட் லேயரில் வரைந்தால் பின்னணி நிறமும் சேர்ந்து வந்து, சொடுக்கும் இடமெல்லாம் செவ்வகம் விழும்.
2. ஒன்றைச் செவ்வகத் தேர்வால் ஒட்டிப் பிடித்து கன்ட்ரோல்+பி (B) அழுத்துங்கள்.
3. பிரஷ் பட்டியலைத் திறந்து காலி இடத்தில் சேமியுங்கள். சேமித்தவற்றை ஆல்ட்+1, ஆல்ட்+2 என்று அழைக்கலாம்.
4. எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து அடுத்த முத்திரைக்குப் போங்கள்.

ஒரு படத்தின் துண்டையே பிரஷ்ஷாக எடுக்கும் இந்த வழக்கம் 1985-இல் அமிகா கணினியில் வந்த டீலக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளின் காலத்திலிருந்தே இருக்கிறது. அங்கேயும் பி எழுத்துதான்.

மரத்துக்கு வைக்கும் வரிசை இது. முதலில் அடர் நிறத்தில் மரத்தின் முழு நிழலுருவத்தையும் பென்சிலால் நிரப்புங்கள். நடு நிறத்தில் பெரிய முத்திரைகளை, நிழலுருவத்தின் ஏறத்தாழ 60 சதவீதம் மூடும்வரை. வெளிர் நிறத்தில் நடு, சிறு முத்திரைகளை, வெளிச்சம் வரும் பக்கத்து மேற்புறத்தில் மட்டும். பிறகு மிகச் சிறிய முத்திரையைப் பின்னணி நிறத்தில் எடுத்து விளிம்பைக் கடித்துவிடுங்கள்: இலைகளுக்கு நடுவே வானம் தெரியும் ஓட்டைகள் அப்படித்தான் வரும். அந்த ஓட்டைகள் ஐந்தாறு போதும், அவையும் விளிம்பை ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்டால் மரம் சல்லடையாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு முத்திரையை ஷிஃப்ட்+எச் மூலம் இடவலமாகத் திருப்பி இரண்டாவது முத்திரை ஆக்குவது சுலபமான வழியாகத் தெரியும். முத்திரை ஒற்றை நிறமாக இருந்தால் தாராளமாகத் திருப்புங்கள். அதற்குள் வெளிச்சமும் நிழலும் வரைந்திருந்தால் வெளிச்சத்தின் திசையும் சேர்ந்து திரும்பிவிடும். பாதி இலைகள் இடப்பக்கச் சூரியனையும் பாதி வலப்பக்கச் சூரியனையும் பார்க்கும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் மரம் நிற்காது.

கிம்ப்பில் இதையே தானியங்கியாக்கலாம். நான்கு முத்திரைகளையும் ஒரே கோப்பில் நான்கு லேயர்களாக வைத்து .ஜிஐஎச் (.gih) என்ற பிரஷ் வகையாக ஏற்றுமதி செய்யுங்கள். ரேங்க் 4, தேர்வு முறை ரேண்டம். ஒவ்வொரு முத்திரைக்கும் நான்கில் ஒன்று தானாக மாறி வரும். படத்தை கிரேஸ்கேலில் வைத்துச் சேமித்தால் முன்னணி நிறத்தை ஏற்கும், வண்ணத்தில் சேமித்தால் அந்த வண்ணமே வரும்.

தென்னை, பனை வரைபவர்களுக்கு: மேலே சொன்ன கொத்து முத்திரை இவற்றுக்கு உதவாது. அங்கே இலைக்குக் கொத்து கிடையாது, திசைதான் உண்டு. மட்டையின் நடுநரம்பை ஒரு பிக்சல் கோட்டால் வளைத்துப் போட்டுவிட்டு, 2×4 அளவுச் சாய்வுக் கோட்டு முத்திரையை அதன்மேல் இரண்டு பிக்சலுக்கு ஒன்றாக வையுங்கள். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரு முத்திரைகள் தேவை. வேப்ப மரத்துக்குக் கொத்து முத்திரை சரிவரும், ஆனால் 5×4-க்கு மேல் போகாதீர்கள்.

முத்திரையைச் சற்றே சாய்த்தேன், உருத்தெரியாமல் போனது

கிரிட்டாவில் ரொட்டேஷனை ஃபஸி டேப் சென்சாரில் விட்டிருப்பீர்கள், ஒவ்வொரு முறையும் கோணம் மாறுகிறது. 6 பிக்சல் உருவத்தை 17 பாகை திருப்ப முடியாது. வைக்க இடமே இல்லை. ரொட்டேஷனை அணைத்துவிட்டு மிரர் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். ஏஸ்பிரைட்டில் ராட்ஸ்பிரைட் முறை உண்டு. உருவத்தை எட்டு மடங்கு பெருக்கித் திருப்பிப் பின் சுருக்கும் வழி அது. 30 பிக்சலுக்கு மேற்பட்ட கிளை, பாறைக்கு நன்றாக வேலை செய்யும். 10-க்குக் கீழே என்றால் புதிதாக வரைந்துவிடுவதே வேகம்.

டித்தர் பிரஷ் ஒருமுறை சரி, பேனாவை எடுத்து வைத்ததும் கட்டம் நிரம்பிவிடுகிறது

சதுரங்கப் பலகை போன்ற செக்கர் கட்டத்தால் வானத்தில் நிறம் கலக்கிறீர்கள். முதல் ஸ்ட்ரோக் (ஒரு இழுப்பு) சுத்தம். இரண்டாவது அதன்மேல் ஏறியதும் திட்டாக நிரம்புகிறது. இரண்டாவது ஸ்ட்ரோக் ஒரு பிக்சல் தள்ளித் தொடங்கியதால், முதல் கட்டத்தின் காலியிடங்களில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஏஸ்பிரைட்டில் தனிப்பயன் பிரஷ் கையில் இருக்கும்போது மேல்பட்டையில் மூன்று தேர்வுகள் தெரியும். பெயின்ட் பிரஷ் என்றால் கையோடு கட்டம் நகரும். பேட்டர்ன் அலைன்டு டு டெஸ்டினேஷன் என்றால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் தொடங்கிய இடத்திலிருந்து கட்டம் எண்ணப்படும். பேட்டர்ன் அலைன்டு டு சோர்ஸ் என்றால் பிரஷ்ஷை எங்கிருந்து வெட்டினீர்களோ அந்த இடத்தின் கட்டத்தோடு எல்லா ஸ்ட்ரோக்கும் ஒட்டும். டித்தருக்கு வேண்டியது இந்த மூன்றாவது.

பிரஷ்ஷின் நீள அகலம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 2×2, 4×4 சரி; 5×5 செக்கரை அடுத்தடுத்து அடுக்கினால் ஒவ்வொரு ஐந்தாவது கோட்டிலும் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும்.

பாறை முழுக்கப் பொரி தூவியதுபோல் இருக்கிறது

தனித்தனிப் பிக்சல்கள். புள்ளிகளைத் தூவும் நாய்ஸ் பிரஷ் வாங்கியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி. உண்மைப் பாறையில் மணல்மணலாகத் தெரிகிறதே என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த அளவில் ஒரு பிக்சல் என்பது மணலளவு கிடையாது. 40 பிக்சல் உயரப் பாறை இரண்டு மீட்டர் என்றால் ஒரு பிக்சல் ஐந்து சென்டிமீட்டர். பாறைமேல் நீங்கள் எலுமிச்சம்பழங்களைத் தூவியிருக்கிறீர்கள்.

சரிசெய்வது இப்படி. நான்கு பக்கமும் வேறு நிறம் சூழ்ந்த ஒற்றைப் பிக்சல் எதுவானாலும், ஒன்று அழியுங்கள் அல்லது பக்கத்தில் இரண்டு சேர்த்துக் கொத்தாக்குங்கள். மூன்று முதல் ஐந்து பிக்சல் கொத்து பாறையில் பிளவாகவோ சில்லாகவோ படிக்கப்படும். நாய்ஸ் பிரஷ்ஷை வைத்திருக்கவே விரும்பினால், அதன் நிறத்தைப் பாறையின் நடு நிறத்துக்கு அடுத்த படியிலேயே வையுங்கள். இரண்டு படி தாண்டினால் பொரி மறுபடி வந்துவிடும்.

பெரிதாக்கினால் அருமை, 100 சதவீதத்தில் சப்பை

பாறையின் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் பிரஷ் போட்டிருக்கிறீர்கள். அதனால் திரளே காணாமல்போய், சுவரொட்டி மாதிரி ஆகிவிட்டது. பிரஷ்ஷுக்குப் பாறையின் வளைவு தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அமைப்பு அதிகம் தெரியும் இடம் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் எல்லை. முழு வெளிச்சத்தில் குழிகள் கரைந்துவிடும், முழு நிழலில் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆகவே பிரஷ் வேலையின் முக்கால் பங்கை அந்த எல்லைப்பட்டையில் செலவிடுங்கள். வெளிச்சப் பரப்பில் இரண்டொரு கீறல் போதும். நிழலில் ஒன்றும் வேண்டாம்.

கருவி உதவி வேண்டுமென்றால் ஏஸ்பிரைட்டில் ஷேடிங் இங்க். பேலட்டில் பாறையின் நான்கைந்து நிறங்களை அடரிலிருந்து வெளிருக்கு வரிசையாகத் தேர்ந்து, இங்க் வகையை ஷேடிங் ஆக்குங்கள். ஒரு ஸ்ட்ரோக் கீழே இருக்கும் நிறத்தை அந்த வரிசையில் ஒரு படி நகர்த்தும். மற்றச் சுட்டிப் பொத்தான் எதிர்த்திசையில் நகர்த்தும். வரிசையில் இல்லாத நிறத்தைத் தொடாது என்பதால் பாறை ஓரத்துப் புல் கெடாது.

வரையும்போது எஃப்7 அழுத்தி முன்னோட்டச் சாளரத்தைத் திறந்தே வைத்திருங்கள்.

பின்னணி அழகாக இருக்கிறது, கதாபாத்திரம் காணவில்லை

ஸ்பிரைட்டை (உங்கள் படக் கோப்பை) நகலெடுத்து, கலர் மோடை கிரேஸ்கேலுக்கு மாற்றிப் பாருங்கள். பின்னணியில் கறுப்புக்கு அருகிலும் வெள்ளைக்கு அருகிலும் சாம்பல்கள் இருந்தால், பாத்திரத்துக்கு மிச்சமே இல்லை. புல் பிரஷ்ஷின் வெளிர் நுனிகள்தான் வழக்கமான குற்றவாளி. தொலைவுப் பின்னணிக்கு இரண்டு அல்லது மூன்று நிறம், நடுவுக்கு நான்கு, முன்னே ஐந்து என்று இறுக்குங்கள். தொலைவில் முத்திரை அளவும் 3×2-க்குமேல் வேண்டாம். பாத்திரம் நடக்கும் கோட்டுக்குப் பின்னே 20 பிக்சல் உயரத்துக்கு அமைப்பைப் பெரும்பாலும் துடைத்துவிடுங்கள். அழித்தது வீண் என்று தோன்றும். விளையாடிப் பார்த்தால் தெரியும்.

பிரஷ் திடீரென்று ஒரே நிறமாகிவிட்டது

மூன்று நிற முத்திரை வைத்திருந்தீர்கள், பேலட்டில் ஒரு நிறத்தைச் சொடுக்கினீர்கள். ஏஸ்பிரைட் முத்திரையை அந்த நிறத்துக்கு மாற்றிவிட்டது. சேமித்த இடத்திலிருந்து பிரஷ்ஷை மறுபடி எடுங்கள். சேமிக்காவிட்டால் மறுபடி வெட்ட வேண்டியதுதான்.

டைல்களை (அடுத்தடுத்து வைத்துப் பரப்பும் சதுரத் துண்டுகளை) அடுக்கினால் கோடு தெரிகிறது

வியூ → டைல்டு மோட் → போத் ஆக்ஸஸ். ஓரத்தில் முத்திரை குத்தினால் மிச்சம் எதிர்ப்பக்கத்தில் விழும், கோடு மறையும்.

கோடு மறைந்த பிறகும் கட்டம் தெரிந்தால் அது வேறு நோய். 16×16 டைலில் 9 பிக்சல் முத்திரை வைத்தால், அந்த ஒன்றே டைலின் அடையாளமாகிவிடும். முத்திரை டைலின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், 16-க்கு 5. வெறும் தரை டைல் ஒன்று, அமைப்புள்ளவை மூன்று என்று செய்து, மூன்று வெறும் டைலுக்கு ஒரு அமைப்பு டைல் வீதம் கலந்து வையுங்கள்.

வரைந்தபோது சரி, விளையாட்டில் ஓடும்போது மினுமினுக்கிறது

முதலில் விளையாட்டு எஞ்சினின் வடிகட்டியை, அதாவது படத்தைப் பெருக்கும்போது பிக்சலை எப்படிக் காட்டுவது என்ற அமைப்பைச் சரிபாருங்கள். கோடோ 4-இல் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் → ரெண்டரிங் → டெக்ஸ்சர்ஸ் பகுதியில் இயல்பு வடிகட்டி லீனியராக இருக்கும், நியரஸ்ட் ஆக்குங்கள். யூனிட்டியில் படத்தின் ஃபில்டர் மோடை பாயின்ட்டுக்கும் கம்ப்ரெஷனை நன் (None) என்பதற்கும் மாற்றுங்கள்.

அடுத்தது திரை அளவு. 320×180-ஐ 1366×768 மடிக்கணினியில் முழுத்திரையாக்கினால் 4.27 மடங்கு. சில பிக்சல்கள் 4 அகலம், சில 5. செக்கர் டித்தர் இதில் அலையலையாகத் தெரியும். முழு எண் பெருக்கத்தைக் கட்டாயமாக்கினால் 1280×720 வரும், பக்கங்களில் 43, மேலும் கீழும் 24 பிக்சல் கறுப்பு விளிம்பு. அதை ஏற்றுக்கொள்வதே நல்லது.

இரண்டும் சரியாக இருந்தும் மினுமினுத்தால் காரணம் டித்தரேதான். செக்கர் கட்டம் ஒரு பிக்சல் நகர்ந்தால் தன் எதிர்மறையாகிவிடும். ஒரு ஃபிரேமுக்கு ஒரு பிக்சல் வேகத்தில் ஓடும் லேயரில் ஒவ்வொரு புள்ளியும் ஃபிரேம்தோறும் அணைந்து எரியும். ஓடும் லேயர்களில் டித்தரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 4 முதல் 8 பிக்சல் நீளக் கிடைக்கோட்டுக் கொத்துகளை வையுங்கள். அசையாத வானத்துக்கு டித்தர் அப்படியே இருக்கட்டும்.